பச்சை மூடி பாட்டில்

ஆடி 1, வியாழன்

சித்திரையோடு பள்ளிக்கூட வேலை முடிந்தது. இத்தனை வருடம் கரும்பலகையில் கணக்குப் போட்ட கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. நகைக்கடையில் கொடுத்த டைரி பீரோவில் கிடந்தது. எடுத்துவிட்டேன்.

இன்று ஆடி பிறந்த நாள், தேங்காய் சுடுகிற நோம்பி. இந்த அடுக்குமாடியில் யாருக்கும் அது ஞாபகம் இருந்த மாதிரி தெரியவில்லை. காய்ந்த துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனால், எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த மனிதர் ஒற்றை ஆளாகச் செங்கல் கூட்டி, குச்சியில் செருகிய தேங்காயைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் புகை. என்னைக் கண்டதும், காப்பியடித்து மாட்டிக்கொண்ட பையன் மாதிரி எழுந்து நின்றார்.

பெயர் சென்னியப்பன். மஞ்சள் மண்டியில் கணக்குப் பார்க்கிறார். மனைவி தவறிச் சில வருடங்கள் ஆகிவிட்டதாம். இதையெல்லாம் நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். சரி, கேட்டேன்.

சாயங்காலம் கதவைத் தட்டி, பொட்டுக்கடலையும் வெல்லமும் எள்ளும் உள்ளே வெந்த தேங்காயைச் சில்லுச் சில்லாக உடைத்து, பச்சை மூடி போட்ட அகல வாய்க் கண்ணாடி பாட்டில் நிறையக் கொடுத்துவிட்டுப் போனார். நின்ற வாக்கிலேயே முழுவதையும் தின்று தீர்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

அண்ணன் கோபியிலிருந்து போன் செய்தார். ஆடியில் வீடு மாற்றக் கூடாது என்பதால் ஆவணி ஒன்றாம் தேதிக்கு டெம்போ சொல்லியாகிவிட்டதாம். எனக்காக அவர் வீட்டு மாடி அறைக்கு வெள்ளையடித்துவிட்டார்களாம். "ஈரோட்ல ஒத்தையில எதுக்கு அம்மிணி கெடக்கறே?" என்றார். நான் "ம்" என்றேன். எங்கள் குடும்பத்தில் நான் சொல்கிற "ம்"முக்கு எப்போதும் சரி என்றுதான் பொருள். என் வீட்டுக்காரர் போன பிறகு என் வாழ்க்கையில் நடந்ததெல்லாம் இப்படி ஒரு "ம்"மில் முடிந்ததுதான்.

ஆடி 2, வெள்ளி

அடுத்தவர் பாத்திரம் என் வீட்டில் தங்கினால் எனக்குச் சோறு இறங்காது. பாட்டிலைக் கழுவித் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டேன். ஆனால் வெறும் பாத்திரத்தை யாராவது திருப்பித் தருவார்களா? ஒரு கரண்டி சர்க்கரையாவது போட்டுத் தர வேண்டாமா?

சர்க்கரைக்கு எங்கே போவேன்? போன ஞாயிறு பெங்களூரிலிருந்து வந்த என் மகள் நித்திலா, என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுச் சமையலறையில் ரெய்டு நடத்திவிட்டாள். சர்க்கரை, அப்பளம், முறுக்கு, மிக்சர் எல்லாம் வாட்ச்மேன் மாதையனுக்குப் போய்விட்டன. பதிலுக்கு ஒரு பெரிய பொட்டலம் சியா விதையை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ராத்திரி பாலில் ஊற வைத்து, காலையில் பழம் போட்டுச் சாப்பிட வேண்டுமாம். கொழுப்பு கரைந்துவிடுமாம்.

அரிசி போட்டுத் தந்தால் பிச்சை போட்ட மாதிரி இருக்கும். உப்பு தரக் கூடாது. புளியைத் தந்தால் மனிதர் என்ன நினைப்பார்? கடைசியில் ஃபிரிட்ஜைத் திறந்தேன். மகளுக்குப் பயந்து நேற்று ஊற வைத்த சியா புட்டிங் உட்கார்ந்திருந்தது. தவளை முட்டைதான், வேறென்ன சொல்ல? நடுவில் கட்டி கட்டியாக வேறு. தலைமேல் மாம்பழத்தை வெட்டிப் போட்டு மறைத்து, பாட்டிலில் அடைத்து, அவர் கையில் திணித்தேன். இது என்ன என்று அவர் கேட்பதற்குள் என் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டேன்.

காலைக்கு நான் இரண்டு தோசை சாப்பிட்டேன்.

ஆடி 3, சனி

பாட்டில் திரும்பி வந்தது. நிறைய ஒப்புட்டு, பருப்பும் வெல்லமும் வைத்த போளி. நெய் வாசம் படிக்கட்டு வரைக்கும் அடித்தது.

அவர் மென்று முழுங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். நான் கொடுத்ததை ஜவ்வரிசிப் பாயசம் என்று நினைத்து, ஆறிப்போய்விட்டதே என்று அடுப்பில் வைத்துச் சுட வைத்திருக்கிறார். கூடவே கொஞ்சம் வெல்லம், இரண்டு முந்திரி. அது கெட்டியாகி, பொங்கி, சட்டியைக் கவ்விக்கொண்டுவிட்டதாம். இன்னும் சட்டி ஊறிக்கொண்டிருக்கிறதாம். "மன்னிச்சுக்குங்க டீச்சர்" என்றார்.

நான் சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டு நாய் குரைத்தது. எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து!

சரியான முறையில் ஒரு தடவை செய்து காட்டாவிட்டால் நான் டீச்சராக இருந்ததற்கு அர்த்தமில்லை. தவிர, பாட்டில் இப்போது என்னிடம் இருக்கிறது. வெறுமையாகத் தர முடியாதே.

ஆடி 4, ஞாயிறு

கட்டி விழுவதன் ரகசியம் பிடிபட்டுவிட்டது. ஒரு டம்ளர் பாலுக்கு இரண்டு கரண்டி விதை. கலக்கி வைத்துவிட்டுப் போய்விடக் கூடாது. பத்து நிமிடம் கழித்து வந்து மறுபடி ஒரு கலக்கு. அப்புறம்தான் ஃபிரிட்ஜ். முதல் கலக்கோடு நிறுத்தினால் விதையெல்லாம் அடியில் கூடிக் கூட்டம் போட்டுவிடும், கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் மாதிரி.

நாட்டுச் சர்க்கரை கொஞ்சம், ஏலக்காய் ஒன்று. காலையில் அடியில் மாம்பழக் கூழ், நடுவே புட்டிங், மேலே மாதுளை முத்து. கண்ணாடி வழியாகப் பார்த்தால் பட்டுப் புடவை பார்டர்தான்.

ஒரு பாட்டிலுக்குத்தான் வந்தது. எனக்கு உப்புமா.

ஆடி 8, வியாழன்

அமாவாசை. பாட்டிலில் எள்ளுருண்டை வந்தது. போன புட்டிங் எப்படி என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "ரொம்பக் குளிர்ச்சிங்க" என்றார். எள்ளுருண்டையை அவரே பிடித்தாராம். அந்தப் பெரிய கையால் இவ்வளவு உருண்டையாகப் பிடிக்க முடியுமா? எனக்கென்ன வந்தது, முடிந்தால் முடியட்டும்.

ஆடி 11, ஞாயிறு

நாவல்பழம் கிடைத்தது. கொட்டை எடுத்து மசித்துக் கலந்ததில் புட்டிங் முழுக்கக் கத்தரிப்பூ நிறம். அதே நிறத்தில் என்னிடம் ஒரு சேலை இருக்கிறது. தற்செயலாக இன்று அதைத்தான் கட்டியிருந்தேன்.

கதவைத் திறந்தவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பாட்டிலைப் பார்த்தார். "கலர் நல்லா இருக்குதுங்க" என்றார். எதைச் சொன்னார் என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் வந்துவிட்டேன். கணக்கு டீச்சர் செய்கிற காரியமா இது?

நித்திலா போனில், "தினமும் சாப்பிடறியாம்மா?" என்றாள். தினமும் செய்கிறேன் என்றேன். பொய் இல்லை.

ஆடி 14, புதன்

மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது மாதையன் கேட்டைத் திறந்துவிட்டுக்கொண்டே, "நாளைக்கு என்ன பழமுங்க டீச்சரம்மா?" என்றார். நான் மார்க்கெட் போவதை வைத்துக் கேட்கிறார் போலிருக்கிறது. பப்பாளி என்றேன். முகம் வாடிவிட்டது. மாம்பழம் முடிந்துவிட்டதா என்று கேட்டார். இந்த மனிதருக்கு எதற்கு இதெல்லாம்?

தொப்பை கொஞ்சம் குறைந்திருக்கிறது, பாவம். ராத்திரிக் காவல் உடம்பை உருக்குகிறது.

ஆடி 16, வெள்ளி

இன்று பாட்டிலில் கொள்ளுப் பொடி. சுடுசோறும் நல்லெண்ணெயும் போட்டுப் பிசைந்து இரண்டு தட்டு சாப்பிட்டேன். கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் என்று படித்தாராம், எனக்காக வறுத்து அரைத்தாராம். "எனக்காக" என்று அவர் சொல்லவில்லை. "உங்களுக்கு ஆகுமுங்க" என்றார். இரண்டும் ஒன்றுதானே? ஒன்றுதான். டைரிதானே, யார் திருத்தப் போகிறார்கள்.

ஆடி 18, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. காவிரிக்கரையில் நல்ல கூட்டம். நான் ஆற்றைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது அவர் படித்துறையில் நின்றுகொண்டிருந்தார். சேர்ந்து போகவில்லை, சேர்ந்து வந்தோம். வழி முழுக்க மண்டி விலையைப் பற்றிப் பேசினார். விரலி மஞ்சளுக்கும் குண்டு மஞ்சளுக்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வளவு ஆசையாக ஒருவர் சொல்ல, அதை நான் இவ்வளவு ஆசையாகக் கேட்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

சாயங்காலம் பாட்டில் வந்தது. உள்ளே பலகாரம் இல்லை. புது விரலி மஞ்சள், பொறுக்கி எடுத்தது, கழுத்து வரைக்கும்.

மஞ்சள் மண்டிக்காரர் மஞ்சள் தராமல் வேறென்ன தருவார்? இதற்கெல்லாம் ஒன்றும் நினைக்கக் கூடாது. பாட்டிலைச் சாமி மாடத்தில் வைத்தேன். இடமில்லாததால்தான் அங்கே வைத்தேன்.

ஆடி 19, திங்கள்

மேசை காலியாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் பாட்டில் மாடத்திலேயே இருக்கட்டும்.

புட்டிங்கை வேறு டப்பாவில் கொடுத்தேன். அவர், "நம்ம பாட்டில் எங்கீங்க?" என்றார். நம்ம பாட்டிலாம்! மதியம் மாதையனிடம் காரணமே இல்லாமல் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

ஆடி 23, வெள்ளி

அண்ணன் மறுபடி போன் செய்தார். டெம்போவுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டதாம், இந்த வீட்டுக்கு வாடகைக்கு ஆள்கூடப் பார்த்துவிட்டாராம். சாமான்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டாயா என்றார். நான் "ம்" என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. எதிர் வீட்டுக்கு ஒரு பாட்டில் திருப்பித் தர வேண்டியிருக்கிறது, அது முடியட்டும் என்றேன். ஒரு பாட்டிலுக்கு ஒரு மாதமா என்று அண்ணன் சிரித்தார்.

மனதைத் தொட்டு எழுதுகிறேன். கோபிக்குப் போக எனக்கு இஷ்டமில்லை. அண்ணன் தங்கமானவர்தான். அந்த மாடி அறையில் காற்றும் நன்றாக வரும். ஆனால் அங்கே விடிந்தால் நான் எதற்கு எழுந்திருக்க வேண்டும்? இங்கே விடியும்போதே எந்தப் பழத்தை எந்தப் பழத்துக்குமேல் வைப்பது என்ற யோசனையோடுதான் கண் திறக்கிறேன். ஐம்பத்தெட்டு வயதில் இது கிறுக்குத்தனம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். அவர் ஒரு வார்த்தை கேட்டால் போதும், இருந்துவிடுவேன். கேட்பாரா? வாரக்கணக்கில் நான் கொடுத்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டிருக்கிறார், பாத்திரம் பளிச்சென்று திரும்பி வருகிறது. பிடிக்காமலா சாப்பிடுவார்?

எனக்குக் காலையில் இட்லி.

ஆடி 27, செவ்வாய்

ஆத்திரத்தோடு எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

காலையில் மஞ்சளை மாடத்துத் தட்டுக்கு மாற்றிவிட்டு, அத்திப்பழமும் வாழைப்பழமும் போட்டுப் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, பால் பாக்கெட் வாங்கக் கீழே போனேன். கேட் பக்கத்து ஸ்டூலில் மாதையன். மடியில் பச்சை மூடி. கையில் நம்ம பாட்டில். கரண்டியால் அடி வரைக்கும் வழித்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் எழுந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, மனம் நிறைந்து பேசினார். "டீச்சரம்மா, உங்க கைப்பக்குவமே தனிங்க. தெனமும் காலையில சார் கொண்டாந்து குடுத்துருவாரு. ஆஸ்பத்திரில பாத்தேன், கொழுப்பு பாதியா கொறஞ்சிருச்சாம். நீங்க நல்லா இருக்கணும்."

தினமுமாம்.

பட்டு பார்டர், நாவல்பழம், சேலை, எல்லாம் மாதையனுக்கு! நான் ஒரு பெரிய முட்டாள். அந்த மனிதர் மரியாதைக்கு வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, ஐயோ இன்றைக்கும் வந்துவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டிருப்பார். நான் இங்கே மஞ்சளைச் சாமி மாடத்தில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆடி 28, புதன்

பாட்டில் வழக்கம்போல நிறைந்து வந்தது, நிலக்கடலை உருண்டை. வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். உருண்டையையெல்லாம் தட்டில் கொட்டினேன். பாட்டிலைக் கழுவினேன், துடைத்தேன், மூடியைத் திருகினேன். ஒரு சிட்டிகை சர்க்கரைகூடப் போடவில்லை. வெறும் பாட்டிலை அவர் வீட்டுக் கதவுக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தேன்.

என் பிறவியில் யாருக்கும் வெறும் பாத்திரம் கொடுத்ததில்லை. கொடுத்தாயிற்று.

அண்ணனுக்குப் போன் செய்து, டெம்போவை ஒன்றாம் தேதி காலையிலேயே வரச் சொன்னேன்.

ஆடி 29, வியாழன்

கடலை உருண்டை நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

ஆடி 30, வெள்ளி

சுதந்திர தினம். கீழே கொடியேற்றினார்கள். நான் போகவில்லை. அட்டைப் பெட்டியில் டம்ளர்களைப் பழைய பேப்பரில் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம்.

அவர்தான். சட்டையில் குத்திய கொடி கோணிக்கொண்டு நின்றது. பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வெறும் பாட்டில்.

"தெரியாம வெச்சிட்டீங்களா டீச்சர், தெரிஞ்சே வெச்சீங்களா?"

தெரிந்தேதான் என்றேன். மாதையனைப் பார்த்துவிட்டேன் என்றேன். பிடிக்கவில்லை என்றால் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதுதானே, என்னை எதற்கு இப்படிப் பைத்தியக்காரி ஆக்க வேண்டும் என்று, முப்பது வருடம் பிள்ளைகளை நடுங்க வைத்த குரலில் கேட்டேன். மனிதர் நடுங்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

"எனக்கு அந்த விதை எறங்கறதில்லீங்க. வழவழன்னு தொண்டையிலயே நின்னுக்குது. ரெண்டு வாய்க்கு மேல முடியல. வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். சொன்னா நீங்க கொண்டாரதை நிறுத்திருவீங்களே."

நிறுத்தினால் என்ன, ஈரோட்டில் பலகாரக் கடைக்கா பஞ்சம் என்றேன்.

"பலகாரம் கெடைக்குமுங்க. காலையில கதவைத் தட்டறதுக்கு ஆரு இருக்கறாங்க?"

கையிலிருந்த டம்ளரை எங்கே வைத்தேன் என்று இப்போது யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. அவர் விடாமல் பேசினார். இந்த மனிதருக்கு இவ்வளவு பேச வரும் என்றே எனக்குத் தெரியாது. மண்டிக்குப் போனால் நாளைக்குப் பாட்டிலில் என்ன போட்டுத் தரலாம் என்ற யோசனையாம். கணக்கில் இரண்டு தடவை தப்பு விட்டு முதலாளியிடம் திட்டு வாங்கினாராம். மஞ்சளைப் பொறுக்க ஒரு மூட்டையைக் கவிழ்த்தாராம். அதற்கு நான் என்ன சொல்வேன் என்று இத்தனை நாளும் காத்துக்கொண்டிருந்தாராம்.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. உள்ளதைச் சொன்னேன். நானும் அந்தப் புட்டிங்கை இன்று வரைக்கும் ஒரு வாய் தின்றதில்லை. பார்த்தாலே குமட்டும். தோசை, உப்புமா, இட்லி என்றுதான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கொடியேற்றிவிட்டு மேலே வந்த குடியிருப்புச் சங்கச் செயலாளர் குடும்பமே படியில் நின்று பார்த்தது. பார்க்கட்டும்.

சிரித்து முடித்த பிறகு அவர் கண் அட்டைப் பெட்டிமேல் போயிற்று. "இங்கயே இருந்துக்கலாமுங்களே" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

நான் "ம்" சொல்லவில்லை. "இருக்கறேனுங்க" என்றேன். முழு வார்த்தையாக.

ஆடி 31, சனி

நித்திலாவிடம் சொன்னேன். போனில் ஒரு கத்து கத்தினாள். காது வலித்தது. அப்புறம் அழுதாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அவருக்குக் கொலஸ்ட்ரால் எவ்வளவும்மா?" என்றாள். என் வயிற்றில் பிறந்தது அப்படித்தான் கேட்கும்.

மாதையன் மேலே வந்து, மூன்று நாளாகப் பாட்டில் வரவில்லையே, டீச்சரம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். கண்ணில் அவ்வளவு கவலை. சென்னியப்பன் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இனிமேல் அவருக்கென்றே தனிப் பாட்டில் வரும் என்று வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கை நான்தான் காப்பாற்ற வேண்டும்.

இன்றைக்கு ஊற வைத்தது எதிர் வீட்டுச் சமையலறையில். நான் முதல் கலக்கு, பத்து நிமிடம் கழித்து அவர் இரண்டாவது கலக்கு. கரண்டியை மண்வெட்டி பிடிக்கிற மாதிரி பிடிக்கிறார். திருத்தினேன்.

அண்ணனிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. சொல்லத்தான் போன் எடுத்தேன். வண்டி தயாராக இருக்கிறது, காலையில் பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்.

ஆவணி 1, ஞாயிறு

பொழுது விடிய டெம்போ வந்துவிட்டது. டிரைவர் பக்கத்தில் அண்ணன், மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு, சாமான் ஏற்றுவதற்கென்றே வந்த கோலம். கட்டாமல் கிடந்த பெட்டிகளைப் பார்த்து முகம் சுருங்கியது. முதலில் சாப்பிடுங்க என்று உட்கார வைத்தேன். வீட்டில் வேறு எதுவும் செய்யவில்லை. மாதையனுக்கு எடுத்தது போக மிச்சமிருந்த புட்டிங்கைக் கிண்ணத்தில் போட்டு, மாதுளை தூவி வைத்தேன்.

அண்ணன் ஒரு கரண்டி வாயில் போட்டார். இன்னொரு கரண்டி. கிண்ணத்தை வழித்துவிட்டு, "இது என்ன அம்மிணி, இன்னும் கொஞ்சம் இருக்குதா?" என்றார். எங்கள் இருவருக்கும் இறங்காதது இவருக்கு இறங்குகிறது!

அவர் இரண்டாவது கிண்ணம் சாப்பிடும்போது சொன்னேன். "நான் கோபிக்கு வரலீங்ணா." கரண்டி பாதியில் நின்றது. ஏன், என்ன, யாராவது ஏதாவது சொன்னார்களா, மாடி அறை பிடிக்கவில்லையா என்று அடுக்கினார். வெள்ளையடித்தது, முன்பணம் கொடுத்தது, இவ்வளவு தூரம் வந்த வண்டி வெறுமையாகத் திரும்புவதா என்றார்.

அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. வெறுமையாக எதற்குத் திரும்ப வேண்டும்? அண்ணி ரொம்ப நாளாக ஒரு கிரைண்டர் கேட்டுக்கொண்டிருக்கிறார். டிரைவரைக் கூப்பிட்டு, சமையலறையிலிருந்த என் கிரைண்டரைத் தூக்கச் சொன்னேன். அப்புறம் இரும்புக் கட்டில். அப்புறம் சாப்பாட்டு மேசை.

அண்ணன் துண்டை உதறிக்கொண்டு பின்னாலேயே வந்தார். "கிரைண்டரையும் குடுத்துட்டா மாவுக்கு என்ன பண்ணுவே அம்மிணி?"

நான் எதிர் வீட்டுக் கதவைக் காட்டினேன். "அங்க ஒண்ணு இருக்குதுங்ணா."

கதவு திறந்துதான் இருந்தது. சென்னியப்பன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கையில் பச்சை மூடி பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார். பாட்டில் நிறைய மல்லிகைப் பூ. அண்ணன் அவரைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வண்டியில் ஏறிக்கொண்டிருந்த கட்டிலைப் பார்த்தார்.

"ம்" என்றார் அண்ணன்.